மங்கிய கார் பெயின்ட்: மறைப்பதா, கையால் தேய்ப்பதா, இயந்திரம் வாங்குவதா, பட்டறையில் விடுவதா?

கழுவித் துடைத்த காரை வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது, பானட்டில் விழும் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். சில கார்களில் முன்பு ஆழமாக மின்னிய நிறம் வெளிறிக் களையிழந்து நிற்கும். இதை மீட்க வழி உண்டா என்று கேட்பவர்களைத் தடுமாற வைப்பது வழி இல்லாமை அல்ல. வழிகள் ஐந்து இருப்பதுதான். கீறல்களை நிரப்பி மறைக்கும் திரவத்தைப் பூசலாம். பாலிஷை எடுத்துக் கையால் தேய்க்கலாம். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்ற இயந்திரத்தை வாங்கி வீட்டிலேயே செய்யலாம். தொழில்முறையாளர்கள் பயன்படுத்தும் ரோட்டரி பாலிஷரைக் கையில் எடுக்கலாம். எதுவும் வேண்டாம் என்று, காரின் தோற்றத்தைச் செப்பனிடும் டீடெயிலிங் பட்டறையில் விட்டுவிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். பாலிஷ் போடுவது பெயின்டின் மேல் எதையோ சேர்ப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது குறைப்பது. கீறலைச் சுற்றியுள்ள மேற்பரப்பை, அந்தக் கீறலின் அடிமட்டம் வரை, நுண்ணிய தேய்ப்புத் துகள்களால் சீவி எடுத்துச் சமப்படுத்துவதே மெருகேற்றம். அப்படிச் சீவி எடுத்தது திரும்ப வராது. ஆகவே எந்த வழி அதிகப் பளபளப்பைத் தரும் என்று கேட்பதைவிட, உங்களுக்கு வேண்டிய அளவு பளபளப்பை எந்த வழி மிகக் குறைந்த பெயின்ட் இழப்பில் தரும் என்று கேட்பதே சரியானது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியையே முதன்மையாக வைத்திருக்கிறேன்.

## பழுது எந்த அடுக்கில் இருக்கிறது?

இன்றைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் மின்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடித்த பெயின்டில் இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், நாம் தேய்க்கப் போகும் அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் பொருள்கள் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. எனவே மொத்த ஆயுளில் சுமார் 7 அல்லது 8 மைக்ரானுக்கு மேல் அதிலிருந்து எடுக்காமல் இருப்பது நல்லது என்பது பெயின்ட் துறையினர் பரவலாகச் சொல்லும் எச்சரிக்கை. மென்மையான ஒரு முறை மெருகேற்றத்தில் 1 முதல் 3 மைக்ரான் வரை போகலாம் என்பதால், ஒரு கார் தன் ஆயுளில் தாங்கக்கூடிய முழுமையான மெருகேற்றங்கள் மிகச் சிலவே.

பழுதின் ஆழத்தை அறிய எளிய சோதனைகள் இருக்கின்றன. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்கும்போது நகம் தடைபட்டு நின்றால், அந்தக் கீறலை முழுமையாகப் போக்குமளவு தேய்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பானதல்ல. கீறலின் மேல் தண்ணீர் தெளித்தால் அது கண்ணுக்கு மறைந்துபோகிறது என்றால் பழுது கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கொள்ளலாம். நனைந்த பிறகும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், அது பேஸ் கோட்டைக் கடந்து பிரைமரைத் தொட்டுவிட்டது. அதற்கு வேண்டியது காரின் நிறக் குறியீட்டுக்குப் பொருத்தமான டச்-அப் பெயின்டே தவிர பாலிஷ் அல்ல. கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட் திட்டுத்திட்டாக வெளுத்து ஓரங்களில் செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது. அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் ஒரே தீர்வு; அங்கே தேய்த்தால் உரிதல் விரைவுபடும்.

பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது. கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஒட்டினால் அது ஒற்றை அடுக்குப் பெயின்ட். வெயிலில் வெளுத்துத் தூள் தட்டும் நிலை இவ்வகைப் பெயின்டில்தான் அதிகம் காணப்படும். மகிழ்ச்சி தரும் செய்தி என்னவென்றால், கைத்தேய்ப்புக்கே மிக நன்றாக இணங்குவதும் இதுதான்.

மேட் பெயின்ட் உள்ள காரை எவ்வகையிலும் தேய்க்கக்கூடாது. அதன் மங்கலான தோற்றமே மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பால் வருவது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கினால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஐந்து வழிகளையும் நான் ஒப்பிடும் அளவுகோல்கள் இவை: எவ்வளவு கிளியர் கோட் செலவாகிறது; எந்த ஆழம் வரையிலான பழுதைப் போக்குகிறது; பழக்கமில்லாதவர் கையில் என்ன கெடலாம்; எவ்வளவு நேரமும் உடலுழைப்பும் கேட்கிறது; முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் என்ன; பலன் எவ்வளவு காலம் நிற்கும். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் மற்றவற்றைவிடக் கனமானவை. ஏனெனில் நேரமும் பணமும் வீணானால் ஈடுசெய்யலாம். ஓரத்தில் கிளியர் கோட்டைத் தேய்த்துவிட்டால் அந்தப் பகுதிக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

| வழி | கிளியர் கோட் இழப்பு | போக்கக்கூடிய பழுது | புதியவருக்கு உள்ள ஆபத்து | நேரம் | பலன் நிற்கும் காலம் |
|---|---|---|---|---|---|
| கிளேஸ் பூசி மறைத்தல் | ஏறக்குறைய இல்லை | மெல்லிய வட்டக் கீறல்கள், தற்காலிகமாக | மிகக் குறைவு | அரை நாள் | சில வாரங்கள் |
| கைத்தேய்ப்பு | மிகக் குறைவு | வெளுப்பு, கறை, தனித்த சிறு கீறல்கள் | குறைவு | பகுதிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் | கழுவும் முறையைப் பொறுத்தது |
| டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் | குறைவு முதல் நடுத்தரம் | வட்டக் கீறல்களில் பெரும்பகுதி, நீர்த்தழும்புகள், வெளுப்பு | குறைவு முதல் நடுத்தரம் | முழுக் காருக்கு ஒன்று முதல் இரண்டு நாள் | கழுவும் முறையைப் பொறுத்தது |
| ரோட்டரி பாலிஷர் | நடுத்தரம் முதல் அதிகம் | மேற்கண்டவற்றோடு ஆழமான கீறல்கள் | மிக அதிகம் | தேர்ந்தவருக்குக் குறைவு | கழுவும் முறையைப் பொறுத்தது |
| பட்டறை | செய்பவரைப் பொறுத்தது | ஏறக்குறைய அனைத்தும் | செய்பவரைப் பொறுத்தது | கார் சில நாள் உங்களிடம் இருக்காது | செய்பவரையும் கழுவும் முறையையும் பொறுத்தது |

அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் பெயின்டைச் சுத்தப்படுத்தும் வேலை பொதுவானது. நன்றாகக் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்துவந்து பதிந்த இரும்புத் துகள்களை அதற்கான திரவத்தால் கரைத்து (துகள் உள்ள இடங்களில் திரவம் ஊதா நிறமாக மாறும்), அதன் பிறகு கிளே பாரை (ஒட்டிய அழுக்கைப் பற்றி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) வழுக்குத் திரவத்தோடு மெல்ல ஓட்டி எடுக்க வேண்டும். கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கழுவிய பெயின்டின் மேல் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும்; அது நீங்கும் வரை கிளே பார் வேலை முடியவில்லை என்று பொருள். தரையில் விழுந்த கிளே பாரை மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். இந்த முன்வேலைக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். கார் மங்கியிருப்பதாக எண்ணியவர்களில் சிலர், இந்தக் கட்டம் முடிந்ததும் தமக்கு வேண்டிய பளபளப்பு ஏற்கெனவே வந்துவிட்டதைக் கண்டு ஒரு வேக்ஸோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அது குறைபாடான முடிவல்ல. மிக நல்ல முடிவு.

## கிளேஸ் பூசி மறைத்தல்

கிளேஸ், ஆல்-இன்-ஒன் போன்ற பெயர்களில் கிடைக்கும் பொருள்களில் எண்ணெய்களும் நிரப்பிகளும் இருக்கின்றன. இவை கீறலுக்குள் அமர்ந்து ஒளி சிதறாமல் செய்வதால் கீறல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆல்-இன்-ஒன் வகையில் மென்மையான தேய்ப்புத் துகளும் வேக்ஸும் கூடவே கலந்திருக்கும்.

கீறலைப் போக்காமல் மறைக்கும் வழி என்பதால் இதைப் பலர் இழிவாகப் பேசுகிறார்கள். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே பலமுறை பாலிஷ் கண்டு கிளியர் கோட் மெலிந்துபோன கார், முன்பு எந்தக் கையால் எப்படிப் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று தெரியாத கார், இன்னும் ஓரிரு ஆண்டுகளே வைத்திருக்கப்போகும் கார் ஆகியவற்றுக்கு, மீதமிருக்கும் அடுக்கைச் செலவழிக்காமல் தோற்றத்தைத் திருத்துவதே பொறுப்பான வழி. காரை விற்பதற்காகப் பூசுபவர்கள் மட்டும், வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

இதன் மறைமுகச் செலவு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதுதான். நான்கைந்து முறை கழுவியதும் எண்ணெய் வெளியேறி, கீறல்கள் பழையபடி முகம் காட்டும். கிளேஸ் பூசிய பெயின்டின் மேல் செராமிக் பூச்சு (இறுகி நீண்டகாலம் நிற்கும் பாதுகாப்புப் பூச்சு) நேரடியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## கைத்தேய்ப்பு

ஒரு ஃபோம் பேட், ஒரு பாட்டில் பாலிஷ், நான்கு மைக்ரோஃபைபர் துணிகள் ஆகியவை போதும் என்பதே இதன் பெரிய கவர்ச்சி. கதவுக் கைப்பிடியின் குழிவில் விரல் நகங்கள் போட்ட கீறல்கள், வேறொரு வண்டி உரசி விட்டுச்சென்ற நிறக்கறை, பறவை எச்சம் பதிந்த இடத்தின் லேசான தழும்பு போன்ற தனித்த பழுதுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. இயந்திரம் நுழைய முடியாத இடங்களில் எந்தத் தொழில்முறையாளரும் கையால்தான் தேய்க்கிறார். முன்பு சொன்ன ஒற்றை அடுக்குப் பெயின்டிலும் கைத்தேய்ப்பு வியக்கத்தக்க மாற்றத்தைத் தரும்.

ஆனால் முழுக் காரின் வட்டக் கீறல்களைக் கையால் போக்க நினைப்பவர்களை நான் தடுக்கவே விரும்புகிறேன். இயந்திரம் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சிறு அசைவுகளைச் செய்யும்போது, கை சில நூறு அசைவுகளைக்கூடச் சீராகச் செய்வதில்லை. விரல்நுனிகளின் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் மற்றோரிடத்தில் குறைந்தும் விழுவதால் தேய்ப்பு ஒருசீராக இருக்காது. கடினமான கிளியர் கோட் உள்ள கார்களில் ஒரு கதவை முடிப்பதற்குள் தோள் களைத்துவிடும். கீறல்களில் பாதி அப்படியே இருக்கும். அந்தக் களைப்பில் பலர், காம்பவுண்ட் என்ற, பாலிஷைவிட வீரியமான தேய்ப்புப் பசையை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள். விளைவாகப் பழைய வட்டக் கீறல்களின் இடத்தில் கை போன போக்கிலான புதிய கோடுகளும் மங்கலும் வந்துசேர்கின்றன. பற்பசையால் தேய்ப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அதன் துகள்கள் பல்லுக்காக அமைக்கப்பட்டவையே தவிர கிளியர் கோட்டுக்காக அல்ல.

## டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்

வீட்டில் முழுக் காரையும் திருத்த நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு என் விடை இதுதான். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இதன் பேட் ஒரே அச்சில் சுழல்வதில்லை; மையத்திலிருந்து சற்று விலகிய ஓர் அச்சைச் சுற்றி வட்டமிட்டபடியே, தானும் தடையின்றிச் சுழல்கிறது. இந்த இரட்டை அசைவால் எந்தத் துகளும் ஒரே தடத்தில் தொடர்ந்து உரசுவதில்லை. வெப்பமும் ஓரிடத்தில் குவிவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அளவுக்கு மீறி அழுத்தினால் பேட்டின் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும் என்பது. பழக்கமில்லாதவர் செய்யும் மிகப் பொதுவான பிழையை இயந்திரமே மட்டுப்படுத்திவிடுகிறது.

வாங்கும்போது 8 மி.மீ., 12 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்ற அளவுகளைக் காண்பீர்கள். அது பேட் போடும் வட்டத்தின் அகலத்தைக் குறிக்கிறது. 21 மி.மீ. இயந்திரம் பானட், கூரை போன்ற தட்டையான பரப்புகளை விரைவாக முடிக்கும். ஆனால் வளைவான பம்பரிலும் கதவின் மடிப்புகளிலும் அதன் சுழற்சி அடிக்கடி நின்றுபோகும். 8 மி.மீ. இயந்திரம் மெதுவானது, ஆனால் வளைவுகளில் சுழற்சியைக் காப்பாற்றும். ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு 125 மி.மீ. பேட் பொருத்தக்கூடிய 12 அல்லது 15 மி.மீ. இயந்திரமே நடுநிலையானது. பேட்டைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், வேலையின்போது பேட் உண்மையிலேயே சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

செய்முறையில் தவறவே கூடாதது சோதனைப் பகுதி. பானட்டில் சுமார் 40 செ.மீ. நீள அகலமுள்ள ஓர் இடத்தை மாஸ்கிங் டேப்பால் பிரித்துக்கொண்டு, மிக மென்மையான பாலிஷையும் மென்மையான ஃபோம் பேடையும் கொண்டு தொடங்க வேண்டும். மிதமான வேகத்தில், இயந்திரத்தின் எடைக்கு மேல் சிறிதளவே அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி, நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. வேகத்தில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும் ஓட்டித் துடைத்துப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் பாலிஷை அப்படியே வைத்துக்கொண்டு பேடைச் சற்றுக் கடினமாக மாற்றுங்கள். அதுவும் போதாதபோதுதான் காம்பவுண்ட். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின்பே முடிவைப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை மறைத்துப் பொய்யான நிறைவைத் தரக்கூடும். அந்தச் சிறு இடத்தில் கிடைத்த சேர்க்கையே முழுக் காருக்கும் பொருந்தும் என்பதால், இதற்குச் செலவிடும் ஒரு மணி நேரம் பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மடிப்புக் கோடுகளிலும் பகுதிகளின் ஓரங்களிலும் பெயின்ட் மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்துக் கையால் ஒரு முறை தடவினால் போதுமானது. கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் டேப் ஒட்டுவது கட்டாயம். அவற்றின் சொரசொரப்பில் பாலிஷ் புகுந்து காய்ந்தால் வெள்ளைக் கறையை எடுப்பது பெரும்பாடு.

இனி மறைமுகச் செலவுகள். இயந்திரத்தின் விலையை மட்டும் கணக்கிட்டு இறங்குபவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள். ஒரு காருக்கு ஒரே பேட் போதாது. பாலிஷும் சீவிய பெயின்டும் ஊறி வெப்பம் ஏறியதும் பேட் செயலிழக்கும் என்பதால் ஐந்தாறு பேடாவது வேண்டும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதைத் தூரிகையால் சுத்தப்படுத்தவும் வேண்டும். கதவுகளுக்கு இடையிலுள்ள தூண் போன்ற குறுகிய இடங்களுக்கு 75 மி.மீ. பேடும் அதற்கான தட்டும் தேவை. பத்துக்கும் மேற்பட்ட நல்ல மைக்ரோஃபைபர் துணிகள், கீறலைக் காட்டும் கூர்மையான எல்இடி விளக்கு, முகக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி ஆகியவையும் பட்டியலில் சேரும். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி கட்டாயமில்லை என்றாலும், பழைய கார் வாங்கியவர்களுக்கு அதை மிகவும் பரிந்துரைக்கிறேன். ஒரு கதவில் மட்டும் 250 மைக்ரான் காட்டினால் அது மறுபடி பெயின்ட் கண்ட கதவு. மற்றவை 110 காட்டும்போது ஒன்று மட்டும் 80 காட்டினால் அதை யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கக்கூடும், ஆகவே அங்கே கை வைக்க வேண்டாம். பொதுவான கருவிகள் அடுக்குகளின் மொத்தத் தடிமனை மட்டுமே காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.

பணமல்லாத செலவு இடம். நேரடி வெயில் படாத, காற்றில் புழுதி பறக்காத, கார் முழுவதையும் சுற்றி நடக்கக்கூடிய, மின்சார வசதியுள்ள இடம் ஒன்று அல்லது இரண்டு நாள் முழுவதும் கிடைக்க வேண்டும். தகடு சூடாக இருந்தால் பாலிஷ் உடனே காய்ந்து தூளாகும். புழுதி பறந்தால் பேட்டில் சிக்கிய ஒரே மணல் துகள் புதிய கீறல்களைப் போடும். இந்த இடம் இல்லாதவர்கள் இயந்திரம் வாங்குவதைத் தள்ளிவைப்பதே நல்லது. இடம் இருந்து, காரையும் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர்களுக்கும், வீட்டில் இரண்டு கார்கள் உள்ளவர்களுக்கும் இந்த முதலீடு தெளிவாகப் பயன் தரும்.

## ரோட்டரி பாலிஷர்

ஒரே அச்சில், மோட்டாரின் முழு வலுவோடு சுழலும் இயந்திரம் இது. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. கடினமான கிளியர் கோட்டில் பதிந்த ஆழமான கீறல்களை, அல்லது வாட்டர் பேப்பரால் தேய்த்த இடத்தின் தடங்களைப் போக்க இதற்கு நிகர் இல்லை. தேர்ந்தவர் கையில் அது மிக விரைவாகவும் அழகாகவும் வேலை முடிக்கும்.

அந்த வலுவே வீட்டில் அதன் குறையாகிறது. ஓரிடத்தில் சில நொடிகள் கூடுதலாக நின்றால் வெப்பம் குவிந்து கிளியர் கோட் இளகும். ஓர் ஓரத்தில் பேட் தவறிப் பட்டால் பிரைமர் தெரியும் வரை அடுக்குகள் போய்விடும். வெப்பத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எதுவும் கெடாமல் முடித்தவர்களுக்கும், வெயிலில் பார்க்கும்போது ஹோலோகிராம் எனப்படும் அலையலையான ஒளித்தடங்கள் எஞ்சியிருக்கும். அவற்றைப் போக்க எப்படியும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தால் ஒரு முறை முடிக்க வேண்டியிருக்கும். விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை முதல் இயந்திரமாக வாங்குவது சரியல்ல. கற்றே தீர வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்கள், பழைய பானட் ஒன்றை வாங்கிவைத்து அதில் பழகிய பிறகே தம் காரைத் தொட வேண்டும்.

## டீடெயிலிங் பட்டறை

கறுப்பு அல்லது அடர்நீலக் கார், நல்ல நிலையில் நீண்டகாலம் வைத்திருக்க நினைக்கும் கார், நகம் தடைபடும் கீறல்கள் பல உள்ள கார் ஆகியவற்றுக்கு நல்ல பட்டறையே சிறந்த இடம். அடர் நிறங்கள் செய்பவரின் ஒவ்வொரு தவறையும் வெளிச்சம்போட்டுக் காட்டும். வெள்ளையும் வெள்ளியும் பெருமளவு மன்னித்துவிடும். அதனால்தான் வெள்ளைக் கார் வைத்திருப்பவர் வீட்டிலேயே முயல்வதையும், கறுப்புக் கார் வைத்திருப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பதையும் நான் சரி என்பேன்.

பட்டறைக்கு உள்ள மறைமுகச் செலவு, என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போவது. ஒரே நாளில் கண்ணாடி போல் ஆக்கித் தருவதாகச் சொல்லும் சில இடங்களில் நடப்பது நிரப்பிகள் மிகுந்த கிளேஸ் பூச்சுதான். சில கழுவல்களுக்குப் பிறகு கீறல்கள் திரும்ப வரும், நீங்கள் கொடுத்ததோ முழுத் திருத்தத்துக்கான கட்டணம். இதற்கு நேர்மாறான ஆபத்து, அவசரத்தில் வீரியமான காம்பவுண்டையும் ரோட்டரியையும் கொண்டு தேவைக்கு மேல் சீவிவிடுவது. அது பல ஆண்டுகள் கழித்து, கிளியர் கோட் உரியும்போதுதான் தெரியும்.

எனவே சில கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தடிமனை அளந்து எழுதித் தருவார்களா? பானட்டில் பாதியை மட்டும் முதலில் திருத்தி, ஆல்கஹாலால் துடைத்துக் காட்டுவார்களா? எத்தனை கட்டங்களாகச் செய்வார்கள், கீறல்களில் எவ்வளவு பங்கு போகும் என்று எதிர்பார்க்கிறார்கள்? நூற்றுக்கு நூறு போகும் என்று காரைப் பார்க்கும் முன்பே உறுதி கூறுபவரைவிட, சில ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்று சொல்பவரை நம்புங்கள்.

## வழிகளைக் கலப்பது

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும்தான் தேர வேண்டும் என்பதில்லை. கண்ணில் அதிகம் படும் பானட்டையும் கதவுகளையும் டூயல் ஆக்‌ஷனால் திருத்திவிட்டு, தடிமன் குறைந்த கூரைக்கு ஆல்-இன்-ஒன் மட்டும் பூசலாம். ஆழமாகக் கீறிய ஒரே ஒரு கதவைப் பட்டறையில் சரிசெய்துகொண்டு மற்றவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். முழுத் திருத்தம் என்பதைவிட, கீறல்களில் பெரும்பகுதி போய் நிறம் தெளிந்ததும் நிறுத்திக்கொள்வது எந்த வழியிலும் கிளியர் கோட்டை மிச்சப்படுத்தும். கடைசியாக எஞ்சும் ஆழமான சில கோடுகளைத் துரத்துவதற்குத்தான் மிக அதிகமான அடுக்கு செலவாகிறது.

## மெருகேற்றிய பின் என்ன பூசுவது

வேக்ஸ் ஒன்று முதல் மூன்று மாதம் நிற்கும். எளிதாகப் பூசலாம், அடர் நிறங்களுக்கு இதமான பளபளப்பைத் தரும். செயற்கை சீலன்ட் ஏறக்குறைய ஆறு மாதம் வரை தாங்கும். செராமிக் பூச்சு முறையாகப் போட்டால் ஓராண்டுக்கு மேல், சில வகைகள் பல ஆண்டுகள், நிலைத்து நின்று அழுக்கு ஒட்டுவதையும் குறைக்கும். ஆனால் அது கீறலே விழாத கவசமல்ல. அடியில் எஞ்சிய கீறல்களை மறைக்காமல் அப்படியே வைத்துப் பூட்டிவிடும் என்பதால், மெருகேற்றம் திருப்தியாக முடியாத காரின் மேல் அதைப் போடக்கூடாது. மிகுதியைத் துடைக்கத் தவறிய இடங்களில் அது இறுகித் திட்டாக நிற்கும். அதை எடுக்க மறுபடி பாலிஷ் போட வேண்டும், அதாவது மறுபடி கிளியர் கோட்டைச் செலவழிக்க வேண்டும். கழுவும்போது சோப்பு நீருக்கு ஒன்றும் துணியை அலச ஒன்றுமாக இரண்டு வாளிகள் வைத்துக்கொள்வது எந்தப் பூச்சுக்கும் தேவை. வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை மணல் ஒட்டிய துணியால் கழுவுவதாலும் துடைப்பதாலும் வருபவையே.

செராமிக் பூச்சின் மேல் முதல் 12 முதல் 24 மணி நேரம், வகையைப் பொறுத்து இன்னும் கூடுதலாகவும், பனியோ மழையோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லாதவர்கள், எவ்வளவு நல்ல பூச்சு கையில் இருந்தாலும், சீலன்டைத் தேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே பாதுகாப்பானது.